போட் குஷன்: துணி எடுக்கிறதுக்கு முன்னாடி தூக்கிப் பாருங்க

கேள்வி: ஆலப்புழாவுல 14 வருஷப் பழைய ஹவுஸ்போட் ஒண்ணு வாங்கி ஓட்டிட்டிருக்கோம். முன் ஹால்ல இருக்கிற நீள சீட் குஷன்ல தையல் விட்டுப் போச்சு, கருப்புப் புள்ளியா பூஞ்சை வேற, உட்கார்ந்து எந்திரிச்சா சேலையில ஈர வாடை ஒட்டிக்குது. பழைய ஸ்பான்ஜை அப்படியே வெச்சு மேல புது ரெக்ஸின் போட்டுத் தர்றேன்னு கடைக்காரர் சொல்றார். போதுமாங்க? மொத்தமா மாத்தினா செலவு கையைக் கடிக்குது.
- வாசகி, ஆலப்புழா

பதில்: போதாதும்மா. வாடை வர்றது ஸ்பான்ஜ்ல இருந்து, மேல எத்தனை ரெக்ஸின் போட்டாலும் ஒரு மழைக்காலத்துல திரும்ப வந்துரும்.

முதல்ல ஒரு குஷனைத் தூக்கி எடை போடுங்க. 6 அடி நீளம், 2 அடி அகலம், 4 இஞ்ச் கனம், 40 டென்சிட்டி (ஒரு கன மீட்டருக்கு 40 கிலோ) ஃபோம்னா காய்ஞ்சிருந்தா ஃபோம் மட்டும் நாலரை கிலோ கிட்டதான் வரும், உங்களது ஏழு எட்டு கிலோ காட்டுச்சுன்னா உறை எடை போக மிச்சம் அத்தனையும் தண்ணி. ரெக்ஸின்ல தண்ணி இறங்காதுன்னு நினைக்கிறோம், ஆனா ஊசி போன ஒவ்வொரு ஓட்டை வழியாவும் சாரல் உள்ள போகும், போனது வெளிய வர வழியே கிடையாது, அங்கதான் பூஞ்சை பிடிக்குது. பிளீச்சிங் ஊத்திப் பார்க்காதீங்க, ஆழத்துல இருக்கிறது போகாது, தையல் நூல்தான் இத்துப் போகும்.

அப்புறம் குஷனை எடுத்துட்டு கீழ இருக்கிற பலகையைப் பாருங்க, இதைப் பார்க்காமலே வேலையை முடிச்சுடுறாங்க, எனக்கு அதுதான் வருத்தம். ஸ்க்ரூடிரைவரை வெச்சு லேசா அழுத்துங்க, மெத்துனு இறங்கினா ப்ளைவுட் உளுத்துப் போச்சு, அந்த இடத்தை வெட்டிட்டு மரைன் ப்ளை, அதாவது ஈரம் தாங்குற ப்ளைவுட், போடச் சொல்லுங்க. பலகை கெட்டியா இருந்தா அரை அடிக்கு ஒண்ணா ஒரு இஞ்ச் ஓட்டை போடுங்க, காத்து கீழ இருந்து ஏறினாலே பாதிப் பிரச்சனை தீரும்.

செலவைக் குறைக்க ஒரு வழி இருக்கு. எல்லாத்தையும் மாத்த வேணாம். உள்பக்கம் சாரல் படாத குஷன்ல ஃபோம் காய்ஞ்சு இருந்து, கையால அமுக்கி விட்டதும் எழும்பி வந்தா அதை வெச்சுக்கலாம், ஓரத்துல நனையுறதை மட்டும் புதுசா வாங்குங்க. புது ஃபோமை உறை அளவைவிட அரை இஞ்ச் கூட வெட்டச் சொல்லுங்க, அப்பதான் மூலையில சுருக்கம் விழாது. உறையோட அடிப்பக்கத்துக்கு மட்டும் ரெக்ஸின் வேண்டவே வேண்டாம், வலைத்துணி போடுங்க, தண்ணி வடிஞ்சுரும்.

நூல் பாலியஸ்டர்தான், காட்டன் நூல் ஈரத்துல மக்கிரும். ஜிப் பிளாஸ்டிக் பல்லு, பின்பக்கம் முழு நீளத்துக்கும் இருக்கணும், இல்லேன்னா ஃபோமை உள்ள திணிக்கும்போதே தையல் கிழியும். பலகையில பின் அடிக்கிற இடம் இருந்தா ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பின் கேட்டு வாங்குங்க. சாதா பின் துருப்பிடிச்சு புதுத் துணியில செங்கல் கலர்ல கறை இறங்கி நானே பார்த்திருக்கேன், துவைச்சாலும் போகாது.

பழைய உறையைத் தூக்கிப் போட்டுராதீங்க, தையலைப் பிரிச்சு அதையே அளவுக்கு வெச்சு வெட்டலாம், போட்ல எந்த சீட்டும் சதுரமா இருக்காது. தைக்கிற வேலையை ஜூன் மழைக்கு முன்னாடி முடிச்சிருங்க, ஈரக் காத்துல ஃபோமை உறைக்குள்ள மூடினா அந்த ஈரமும் சேர்ந்து உள்ள போயிரும். மழை மாசத்துல போட் சும்மா நிக்கும்போது குஷனை எல்லாம் வீட்டுக்குக் கொண்டு வந்து, படுக்கப் போடாம, செவுத்தோரமா இடைவெளி விட்டு நிறுத்தி வைங்கம்மா.