இரவல் ஏக்கம்

அன்புள்ள அண்ணா,

எர்னஸ்ட் கிளைனின் 'ரெடி பிளேயர் ஒன்' ஒரு துயரமான நாவல் என்று சொல்லியிருந்தீர்கள். வாங்கிப் படித்தேன். பக்கத்துக்குப் பக்கம் எண்பதுகளின் வீடியோ கேம், படம், பாட்டு என்று பட்டியல்தான். புதையல் வேட்டை விறுவிறுப்பாகப் போகிறது, அவ்வளவே. துயரம் எங்கே இருக்கிறது?

கா.

அன்புள்ள கா.,

பட்டியல் என்பது உண்மை. முதல் வாசிப்பில் எனக்கும் அலுத்தது. ஆனால் அதைச் சொல்பவன் யார்? நாவல் 2011இல் வந்தது, கதை நடப்பது 2045ஐ ஒட்டி. கதையைச் சொல்லும் வேட் பள்ளி இறுதியாண்டு மாணவன். எண்பதுகள் முடிந்து முப்பது வருடங்களுக்கும் மேல் கழித்துப் பிறந்தவனுக்கு அந்தக் காலத்தின்மேல் எப்படி ஏக்கம் வரும்?

வரவைக்கிறார்கள். ஓயாசிஸ் என்ற மெய்நிகர் உலகை உருவாக்கிய ஹாலிடே, அதற்குள் தான் ஒளித்துவைத்ததைக் கண்டெடுப்பவருக்கே சொத்தெல்லாம் என்று எழுதிவைத்துவிட்டுச் சாகிறார். துப்புகள் முழுக்க அவர் சிறுவயதில் ரசித்தவற்றில் இருக்கின்றன. ஒரு பணக்காரரின் பால்யம் ஒரு தலைமுறைக்கே பாடத்திட்டமாகிவிடுகிறது. இது புரிந்தபின் அந்தப் பட்டியல் எனக்குப் பரீட்சைக்கு உருப்போடும் பையனின் குரலாகக் கேட்கத் தொடங்கியது.

அவன் வாழும் இடத்தைப் பாருங்கள். ஓக்லஹோமா நகரில் டிரெய்லர் வீடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய குடியிருப்பு. துணி உலர்த்தும் எந்திரத்துக்கும் சுவருக்கும் இடையிலுள்ள இடுக்கில் தூங்குகிறான். பழைய வண்டிகளின் குவியலுக்குள் புதைந்த ஒரு வேன்தான் அவனுடைய ஒளிவிடம். அங்கே பேட்டரிக்கு சார்ஜ் ஏற்ற உடற்பயிற்சி சைக்கிளை மிதிக்கவேண்டும். மிதித்து மிதித்துச் சேர்த்த மின்சாரத்தில், தான் பிறக்காத காலத்துக்குப் போகிறான்.

புதையலுக்குப் போகும் வழியில் அவன் கடக்கவேண்டிய முதல் வாயில் அத்தியாயம் நினைவிருக்கிறதா? 1983இல் வந்த 'வார்கேம்ஸ்' படத்துக்குள் நாயகனாக நிற்கிறான். வசனங்களை ஒன்றுவிடாமல் ஒப்பிக்கவேண்டும், தப்பினால் மதிப்பெண் போகும். அவனுக்கு அத்தனையும் மனப்பாடம். வெற்றிக்காட்சியாகத்தான் கிளைன் எழுதியிருக்கிறார். எனக்கு அங்கேதான் தொண்டை அடைத்தது. தன் பால்யம் முழுவதையும் இன்னொருவருடைய வசனத்துக்குக் கொடுத்துவிட்ட பிள்ளை அவன்.

இந்தப் புதையலுக்கு முன்மாதிரியாக நாவலே காட்டுவது அடாரியின் 'அட்வெஞ்சர்' விளையாட்டு. நிரல் எழுதியவர்களின் பெயரை அந்த நிறுவனம் அப்போது போட்டதில்லை. வாரன் ராபினெட் ஒரு ரகசிய அறையைச் செய்து தன் பெயரை அதில் ஒளித்துவைத்தார். கண்ணுக்குத் தட்டுப்படாத ஒரு புள்ளியைத் தூக்கிக்கொண்டு போனால்தான் அந்த அறை திறக்கும். பெயர் மறுக்கப்பட்ட ஒரு தொழிலாளி 'நான் இருந்தேன்' என்று கீறிவைத்தது அது. அதே உத்தியைத்தான் ஹாலிடே கையிலெடுக்கிறார், ஊரெல்லாம் தன்னையே நினைத்துக்கொண்டிருப்பதற்காக.

கடைசியில், இறந்துபோன ஹாலிடேயின் மெய்நிகர் உருவமே வேடிடம், நிஜ உலகுக்குப் பயந்தே வாழ்ந்துவிட்டேன், நீ அப்படி ஒளிந்துகொள்ளாதே என்கிறது. ஒரு தலைமுறையை உள்ளே இழுத்துப்போட்டவர் சொல்லும் சொல். கிளைன் அங்கே கொஞ்சம் நின்றிருக்கவேண்டும். அவசரமாகக் காதலுக்குப் போய்விடுகிறார், அந்தக் குறை எனக்கு உண்டு.

2018இல் ஸ்பீல்பெர்க் எடுத்த படத்தில் அந்த 'வார்கேம்ஸ்' காட்சி இல்லை. நாவலில் அந்த அத்தியாயத்தை மட்டும் இன்னொருமுறை படித்துவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்.