வீடு வாசல் கேள்வி பதில்: டெக்குக்கு ஸ்டெயின் அடிக்க ஆள் தேடுறீங்களா?

இந்த மாசம் வந்த கடிதத்துல பாதிக்கு மேல அமெரிக்கா, கனடா வாசகர்கள்தான், எல்லாம் மர டெக் பத்தி, அதாவது வீட்டை ஒட்டி மரப்பலகையில கட்டற திறந்த திண்ணை. ஸ்டெயின்னா அந்த மரத்துக்குக் கலரும் பாதுகாப்பும் குடுக்கிற பூச்சு. அங்க பனி போயி வெயில் வந்தாச்சுன்னா எல்லாரும் கொல்லைப்பக்கம் எட்டிப் பார்க்க ஆரம்பிச்சிடுவாங்க போல.

கேள்வி: அண்ணா, எங்க வீட்டுக்குப் பின்னாடி 16க்கு 20 அடியில மர டெக் இருக்கு. பழைய ஓனர் கட்டினது, பிரஷர் ட்ரீட்டட் (மக்காம இருக்க அழுத்தி மருந்து ஏத்தின) பைன் மரம்னு சொன்னாங்க. இப்ப சாம்பல் கலரா ஆயிடுச்சு, ஒரு ஓரத்துல பாசி வேற வழுக்குது. மூணு பேர்கிட்ட கொட்டேஷன் வாங்கினோம். முதல் ஆள் ரொம்ப கம்மி, காலைல பவர் வாஷ், சாயங்காலம் ஸ்டெயின், ஒரே நாள்ல முடிச்சுடறேன்கிறார். ரெண்டாவது ஆள் அதைவிட ரெண்டு மடங்கு சொல்றார், ஒரு வாரம் ஆகும்கிறார். மூணாவது ஆள் "சாலிட் ஸ்டெயின் போட்டுடலாம், பத்து வருஷம் கேரண்டி"ங்கிறார். வீட்டுக்காரர் முதல் ஆளுக்கே ஓகே சொல்லிடலாம்னு நிக்கிறார். என்ன பண்ணலாம்?
(வாசகி, எடிசன், நியூஜெர்சி)

பதில்: முதல் ஆளுக்கு மட்டும் ஓகே சொல்லிடாதீங்கம்மா. தண்ணி பீய்ச்சி அடிச்ச மரம் வெளியில தொட்டுப் பார்த்தா காஞ்ச மாதிரிதான் இருக்கும், உள்ள ஈரம் அப்படியே நிக்கும். நல்ல வெயில் அடிச்சாலே ரெண்டு நாள் வேணும், மேகமூட்டம்னா இன்னும் கூட. மரத்துக்குள்ள தண்ணி இருக்கிற இடத்துல ஸ்டெயின் எங்க போயி உக்காரும், மேலாக நின்னுட்டு அடுத்த பனிக்காலம் முடியறதுக்குள்ள செதில் செதிலா வந்துடும். அதனால யார் வந்தாலும் கலர் கார்டு பார்க்கிறதுக்கு முன்னாடி நீங்க கேக்க வேண்டிய ஒரே கேள்வி, "கழுவினதுக்கப்புறம் எத்தனை நாள் காய விடுவீங்க, காஞ்சுடுச்சுன்னு எப்படிப் பார்ப்பீங்க?" இதுக்கு அவர் மரத்துல ஈரம் எவ்வளவுன்னு காட்டுற மாய்ஸ்ச்சர் மீட்டர் வச்சுப் பார்ப்பேன், 15 சதவீதத்துக்குக் கீழ வரணும்னு சொன்னார்னா வேலை தெரிஞ்ச ஆள். மீட்டர் இல்லேன்னாலும் பரவாயில்லை, நாலஞ்சு இடத்துல தண்ணி தெளிச்சுப் பார்ப்பேன்னு சொன்னாலும் சரிதான், தண்ணி சட்டுனு உள்ள இறங்கினா மரம் ரெடி, முத்து முத்தா மேலயே நின்னா இன்னும் ஆகலை. "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது மேடம்"னு சொன்னா டீ குடுத்து அனுப்பிடுங்க.

ரெண்டாவது ஆள் ஒரு வாரம் கேக்கிறது எதுக்குன்னா பெரும்பாலும் இந்தக் காயற நாளுக்குத்தான். இருந்தாலும் விலை கூட சொல்றவர் எல்லாம் நல்லா செய்வார்னு நெனச்சுடக் கூடாது, கொட்டேஷன்ல ஒவ்வொண்ணும் தனித்தனியா எழுதியிருக்கான்னு பாருங்க. உங்க டெக் தரை மட்டும் 320 சதுர அடி. ஒரு கேலன் ஸ்டெயின் மரத்தைப் பொறுத்து 150லேருந்து 300 சதுர அடி வரைக்கும் வரும், அப்ப தரைக்கு ரெண்டு கேலன் சொச்சம், ஸ்டெயின் விலை ஒண்ணும் பெரிசில்லை. கூலியைத் தின்னுறது கைப்பிடி கம்பிங்கதான், ஒவ்வொண்ணுக்கும் நாலு பக்கம் பிரஷ் போடணும்ல. கம்மியா சொன்ன ஆள் கைப்பிடி, படிக்கட்டு எல்லாம் சேர்த்துதான் சொன்னாரான்னு கேளுங்க, அங்கதான் பெரும்பாலும் சமாச்சாரம் இருக்கும்.

கழுவுற விஷயத்துக்கு வர்றேன். அந்த சாம்பல் கலர் அழுக்கு இல்லை, வெயில்ல இருக்கிற புற ஊதாக் கதிர் மரத்தோட நாரைப் பிடிச்சு வச்சிருக்கிற லிக்னினை அரிச்சுட்டதால மேல் நார் செத்துப் போயி நிக்குது. அதை எடுக்காம அதுமேலயே ஸ்டெயின் அடிச்சா செத்த நாரோட சேர்ந்து ஸ்டெயினும் உதிர்ந்துடும். எடுக்கிறதுக்கு பவர் வாஷர்ல முழு வேகம் வச்சு அடிக்கிறாங்க பாருங்க, அது அதைவிடப் பெரிய கொடுமை. பைன், சீடர் மாதிரி மென்மையான மரத்துக்கு 500, 600 பிஎஸ்ஐ (தண்ணி அழுத்தத்தோட அளவு) போதும், அகலமா விரியற 40 டிகிரி நாசில் போட்டு ஒரு அடி தள்ளி நின்னு அடிக்கணும். 3000 வச்சு கிட்டப் பிடிச்சு அடிச்சா மரம் பிசிறு பிசிறா எழும்பி, கோடு கோடா பள்ளம் விழுந்துடும், அப்புறம் உப்புத்தாள் போட்டே கை ஓஞ்சு போகும். நல்ல ஆளா இருந்தா வேலையை மருந்துக்கு விட்டுடுவார், சோடியம் பெர்கார்பனேட் இருக்கிற ஆக்ஸிஜன் கிளீனர் போட்டு ஊற விட்டு பிரஷ்ல தேச்சு, அப்புறம் ஆக்ஸாலிக் ஆசிட் பிரைட்னர் போட்டு அலசுவார், மரம் பழைய கலருக்கு வந்துடும். துணிக்குப் போடற குளோரின் பிளீச் மரத்து நாருக்கே கெடுதல், வேணாம்னு சொல்லிடுங்க. பக்கத்துல கறிவேப்பிலைத் தொட்டி வச்சிருந்தா அதைத் தூக்கி அந்தப் பக்கம் வைங்க.

இங்க ஒரு முக்கியமான விஷயம். பழைய ஓனர் எந்த வருஷம் கட்டினார்னு அவசியம் விசாரிங்க. அமெரிக்காவுல 2003 கடைசி வரைக்கும் வீட்டு வேலைக்கு வந்த ட்ரீட்டட் மரத்துல சிசிஏன்னு ஒரு மருந்து ஏத்துவாங்க, குரோமியம், செம்பு, ஆர்செனிக் கலந்தது. அதுக்கப்புறம்தான் ஆர்செனிக் இல்லாத செம்பு மருந்துக்கு மாறினாங்க. உங்களுது அதுக்கு முன்னாடி கட்டினதுன்னா மேல சொன்ன கதையே மாறிடும், உப்புத்தாள் மெஷின் போடக் கூடாது, அந்தத் தூள் மூக்குக்குள்ள போகக் கூடாது, பவர் வாஷும் வேணாம், இந்த பிரைட்னர், கிளீனர் மருந்துகூட வேணாம், வெறும் சோப்புத் தண்ணியும் பிரஷும்தான். அப்புறம் உள்ள இறங்கற மாதிரியான ஆயில் ஸ்டெயின் ஒண்ணு அடிச்சுட்டு அதை விடாம பராமரிக்கணும். குழந்தைங்க தவழ்ற வீடுன்னா இதுல அசால்ட்டா இருக்காதீங்க.

மூணாவது ஆள் சொல்ற சாலிட் ஸ்டெயின் கிட்டத்தட்ட பெயின்ட் மாதிரிதான், மரக் கோடு எதுவும் தெரியாது, சுவருக்கும் கைப்பிடிக்கும் நல்லா நிக்கும். ஆனா மிதிக்கிற தரையில தண்ணி தேங்கி உரிய ஆரம்பிச்சா மொத்தமா சுரண்டி எடுத்துட்டுதான் மறுபடி அடிக்க முடியும். பத்து வருஷ கேரண்டியை எழுதித் தரச் சொல்லுங்க, தேய்மானத்துக்குப் பொருந்தாதுன்னு கீழ பொடி எழுத்துல இருக்கும். என் ஓட்டு மரக் கோடு லேசா தெரியற செமி டிரான்ஸ்பரன்ட் ஸ்டெயினுக்குத்தான், ரெண்டு மூணு வருஷம் வரும், மங்கினா கழுவிட்டு மேலயே இன்னொரு கை அடிச்சுக்கலாம், உரிக்கிற வேலை இல்லை. கலரே இல்லாத கிளியர் சீலர் வேணாம், வெயிலைத் தடுக்கிறதே அந்தக் கலர்ப்பொடிதான், அது இல்லேன்னா ஒரு வருஷத்துல பழையபடி சாம்பல்.

கடைசியா காகிதம். நியூஜெர்சில வீட்டு வேலை செய்யற கான்ட்ராக்டர் ஸ்டேட்கிட்ட பதிவு பண்ணியிருக்கணும், 500 டாலருக்கு மேல போற வேலைக்கு எழுத்துல கான்ட்ராக்ட் கட்டாயம், அதுல பதிவு நம்பரும் இன்சூரன்ஸ் சர்டிபிகேட் காப்பியும் இருக்கணும், கையெழுத்து போட்டு காப்பி வாங்கினதுக்கப்புறம் மூணு வேலை நாளுக்குள்ள மனசு மாறினா ரத்து பண்ணிக்கலாம். ஸ்டெயின் அடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு ஸ்க்ரூடிரைவர் எடுத்து, டெக் வீட்டோட சேர்ற பலகையிலயும் தூண் அடியிலயும் குத்திப் பார்க்கச் சொல்லுங்க, பொதபொதன்னு இறங்கினா அது கார்பென்டர் வேலை, மக்கின மரத்துக்கு மேல எந்த ஸ்டெயின் அடிச்சும் பிரயோஜனம் இல்லை. டவுன்ஹவுஸ்னா அசோசியேஷன்ல கலருக்கு பர்மிஷன் வாங்கிட்டீங்களா?

கேள்வி: சார், ரெட்வுட் டெக். ஸ்டெயின் அடிக்க 5000 டாலர் பேசி, பாதி அட்வான்ஸ் கேக்கறாங்க. நம்ம ஊர்ல கேக்கறதுதானேன்னு குடுத்துடலாமா?
(வாசகர், ஃப்ரீமான்ட், கலிஃபோர்னியா)

பதில்: குடுக்காதீங்க. கலிஃபோர்னியா சட்டப்படி அட்வான்ஸ் மொத்தத்துல 10 சதவீதம் இல்லேன்னா 1000 டாலர், இதுல எது கம்மியோ அதுதான். உங்களுக்கு 500. மீதியை வேலை ஆக ஆகத் தந்தா போதும். பாதி கேக்கறவருக்கு இது தெரியாம இருக்காது. அவர் லைசென்ஸ் நம்பரை கான்ட்ராக்டர்ஸ் ஸ்டேட் லைசென்ஸ் போர்டு வெப்சைட்ல போட்டுப் பாருங்க, உயிரோட இருக்கா, புகார் ஏதும் இருக்கான்னு ரெண்டு நிமிஷத்துல தெரிஞ்சிடும்.

கேள்வி: அண்ணை, போன கிழமை ஆள் பிடிச்சு டெக்குக்கு ஒயில் ஸ்டெயின் அடிச்சனாங்கள். இண்டைக்கும் கால் வைச்சா ஒட்டுது, பளபள எண்டு மினுங்குது. ரெண்டு கோட் தடிப்பா அடிச்சால்தான் நிண்டு பிடிக்கும் எண்டு அவர் சொன்னவர். அவர் துடைச்ச எண்ணெய்த் துணியள் கராஜுக்குள்ள ஒரு பையிலை கிடக்கு, அதையும் என்ன செய்யிறது எண்டு தெரியேல்லை.
(வாசகர், ஸ்கார்பரோ, கனடா)

பதில்: டெக்கை விடுங்க, முதல்ல அந்தப் பை. (இதழ் வர்ற வரைக்கும் காத்திருக்க வேணாம்னு இவருக்கு அன்னைக்கே தனியா பதில் அனுப்பியாச்சு, மத்தவங்களுக்காக இங்க மறுபடி.) லின்சீட் (ஆளி விதை) மாதிரி காயற எண்ணெய் கலந்த ஸ்டெயின் காத்துல இருக்கிற ஆக்ஸிஜனோட சேர்ந்து காயறப்ப சூடு வரும். துணியைக் கசக்கிக் குவிச்சு வச்சா அந்தச் சூடு வெளியேற வழியில்லாம ஏறி ஏறி, நெருப்பு வைக்காமலேயே தானா பத்திக்கும். வீடு எரிஞ்ச கதையெல்லாம் உண்டு. வெளியில கான்கிரீட் தரையில ஒவ்வொண்ணா விரிச்சுக் காயப் போடுங்க, இல்லேன்னா தகர டப்பால தண்ணி ஊத்தி முக்கி இறுக்கி மூடி, ஊர் நிர்வாகம் அபாயக் குப்பை வாங்கற இடத்துல குடுத்துடுங்க. ஆள் வேலை முடிச்சுட்டுப் போறப்ப இதையெல்லாம் அவரே எடுத்துட்டுப் போகணும்னு கான்ட்ராக்ட்லயே எழுதிக்கலாம்.

ஒட்டறதுக்குக் காரணம் தடிப்பா அடிச்சதுதான். மரம் குடிக்கிற அளவுதான் குடிக்கும், மிச்சம் மேல நின்னு பிசினா இருக்கும். மினரல் ஸ்பிரிட் (பெயின்ட் கரைக்கிற திரவம்) நனைச்ச துணியால அழுத்தித் துடைச்சு எடுக்கச் சொல்லுங்க, அது அவர் செலவு, அந்தத் துணிக்கும் மேல சொன்ன கதைதான். இன்னொரு கோட் அடிச்சா சரியாயிடும்னு வந்தார்னா விடாதீங்க.

கேள்வி: டெக் எல்லாம் இல்லீங், தேக்கு வாசக்கதவு, மேக்கு பார்த்தது. மெலமைன் பாலீஷ் போட்டு ரெண்டு வருஷம்கூட ஆகலை, அதுக்குள்ள வெடிச்சு வெள்ளையா பூத்துடுச்சுங். கான்ட்ராக்ட் எப்படிப் பேசறது?
(வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: மெலமைன் வீட்டுக்குள்ள போடற சரக்குங்க, சாயங்கால வெயிலும் சாரலும் படற கதவுக்குத் தாங்காது. பழசை முழுசா உரிச்சுட்டு, வெளிப்புறத்துக்குன்னு போட்டிருக்கிற பியூ (பாலியூரித்தேன்) பாலீஷ் போடச் சொல்லுங்க. லேபர் மட்டும் அவர்கிட்ட பேசிட்டு டப்பாவை நீங்களே கடையில வாங்கிக் குடுங்க, மெட்டீரியலோட விட்டா தின்னர் கொஞ்சம் தாராளமாவே கலக்கும். கதவைக் கழட்டிப் படுக்க வச்சு அடிக்கிறாரா, மேல் விளிம்பு, கீழ் விளிம்புக்கும் அடிக்கிறாரான்னு பக்கத்துலயே நில்லுங்க, தண்ணி ஏறறது பெரும்பாலும் அந்தக் கீழ் விளிம்பு வழியாத்தான், அங்க யாருமே பிரஷ் வைக்கிறதில்லை.

கேள்வி: எங்களுது மரமும் பிளாஸ்டிக்கும் கலந்த காம்போசிட் டெக். வருஷா வருஷம் சீலர் அடிக்கணும்னு ஒருத்தர் வந்து நிக்கிறார். அடிக்கணுமா?
(வாசகர், டாலஸ்)

பதில்: வேணாம். சோப்புத் தண்ணியும் ஒரு மென்மையான பிரஷும் போதும், சனிக்கிழமை பையனை இறக்கி விடுங்க.