பச்சைத் தண்ணி நிக்கிற பழைய பூல்: மோட்டார் போட்டு இறைக்கிறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

கேள்வி: பழைய வீடு ஒண்ணு வாங்கியிருக்கோம். பின்பக்கம் முழுக்க புதர், நடுவுல பல வருஷமா யாரும் தொடாத சிமெண்ட் ஸ்விம்மிங் பூல், தண்ணி கரும்பச்சையா நிக்குது. அண்ணன் மோட்டார் வச்சு ஒரே நாள்ல இறைச்சிடலாம்ங்கிறார். கான்ட்ராக்டர் டைல்ஸ் மாத்தினா புதுசு மாதிரி ஆயிடும்ங்கிறார். அம்மா மண்ணைக் கொட்டி மூடிடுங்கன்னு சொல்றாங்க. எதை முதல்ல செய்யணும்?

பதில்: மூணுமே இப்ப வேண்டாம். முதல் வேலை வேலி. புதரை வெட்டறதுக்கும் முன்னாடி, தற்காலிகமா கம்பி வலையாவது கட்டி, குழந்தைங்க அந்தப் பக்கம் போக முடியாதபடி பண்ணுங்க. தெளிஞ்ச தண்ணில ஒரு குழந்தை விழுந்தா பார்க்கிறவங்களுக்கு தெரியும், பச்சைத் தண்ணில அரை மீட்டர் ஆழத்துல இருந்தாக்கூட தெரியாது, நான் இந்த விஷயத்துல மட்டும் யார்கிட்டயும் சமரசம் பண்ணிக்கிறதே இல்ல. பிறகு நிரந்தர வேலி போடும்போது குறைஞ்சது 1.2 மீட்டர் உயரம், கம்பிகளுக்கு நடுவுல 10 செ.மீ.க்கு மேல சந்து கூடாது, கதவு தானா மூடி தானா பூட்டிக்கணும், பூல் பக்கமா இல்லாம வெளிப்பக்கமா திறக்கிற மாதிரி இருக்கணும்.

அடுத்து அண்ணன் சொன்னது. தண்ணியை இறைக்கிறது சுலபம், ஆனா அதுலதான் பெரிய ஆபத்து இருக்கு. பூலுக்குள்ள இருக்கிற தண்ணியோட எடைதான் பூலை மண்ணுக்குள்ள அழுத்திப் பிடிச்சிருக்கு. 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி 1.4 மீட்டர் ஆழம்னு வச்சுக்கோங்க, உள்ள சுமார் 45,000 லிட்டர், அதாவது 45 டன். காலி பண்ணிட்டா மிஞ்சறது 15 செ.மீ. கனத்துல ஒரு கான்கிரீட் தொட்டி, அது கிட்டத்தட்ட 24 டன்தான். மழை பெஞ்சு நிலத்தடி நீர் பூல் அடித்தளத்துக்கு மேல முக்கா மீட்டர் ஏறினாலே கணக்குப்படி அந்தத் தொட்டி காலித் தோணி மாதிரி மிதக்க ஆரம்பிச்சிடும். சுத்தி இருக்கிற மண்ணு கொஞ்சம் பிடிச்சு வைக்கும், அதை நம்பி இறங்கக் கூடாது. ஒரு தடவை தூக்கிடுச்சுன்னா தரை வெடிக்கும், பைப் எல்லாம் ஒடியும், திரும்ப பழைய இடத்துல உட்கார வைக்கவே முடியாது. ஃபைபர் பூலா இருந்தா எடை இன்னும் கம்மி, ஆபத்து இன்னும் அதிகம்.

அதனால ஆழமான பக்கத்துக்கு வெளியில, பூல் அடித்தளத்துக்கும் கீழ போற மாதிரி ஒரு ஓட்டை போட்டு ஒரு பைப்பை இறக்கி வையுங்க, நாலஞ்சு நாள் பாருங்க, அதுக்குள்ள தண்ணி எவ்வளவு உயரத்துல நிக்குதுன்னு பார்த்தா நிலத்தடி நீர் எங்க இருக்குன்னு தெரிஞ்சிடும். மழைக்காலத்துல இறைக்கவே வேண்டாம். பல பூல்ல தரையில தண்ணியை உறிஞ்சற வாய், அதாவது மெயின் ட்ரெயின், அதுக்குள்ள ஒரு அழுத்த வால்வு இருக்கும், வெளித் தண்ணியோட அழுத்தம் கூடினா அதை உள்ள விட்டு தொட்டியைக் காப்பாத்தறதுக்குத்தான் அது, ஆனா பழைய பூல்ல அது துரு பிடிச்சு இறுகிப் போயிருக்கும், இருக்குங்கிறதுக்காக வேலை செய்யும்னு நினைச்சுடாதீங்க.

இன்னொரு காரணமும் இருக்கு. தண்ணி நிக்கும்போதுதான் பூல் தன்னோட நோயைக் காட்டும். மழை இல்லாத நாள்ல தண்ணி ஒரு குறிப்பிட்ட மட்டத்துக்கு வேகமா இறங்கி அங்கேயே நின்னுடுதா? அப்ப அந்த உயரத்துலதான் கசிவு, லைட் பொருத்தின இடமோ, ஸ்கிம்மர் (மேல மிதக்கிற இலை, குப்பையை இழுக்கிற பெட்டி) வாயோ, பைப் வாயோ இருக்கும். சந்தேகமா இருந்தா ஒரு பக்கெட்ல பூல் தண்ணியையே ரொப்பி, பூல் படியில வச்சு, உள்ள வெளிய ரெண்டு மட்டமும் ஒண்ணா இருக்கிற மாதிரி குறி போட்டு 24 மணி நேரம் விடுங்க. ரெண்டும் ஒரே அளவு குறைஞ்சா அது வெறும் ஆவியாதல், பூல்ல மட்டும் கூடுதலா குறைஞ்சா கசிவுதான். பம்ப் ஓடற நிலைமையில இருந்து, எலக்ட்ரீஷியனும் பார்த்து சரின்னு சொன்னா, ஓட விட்டு ஒரு நாள், நிறுத்தி வச்சு ஒரு நாள் பாருங்க, ஓடும்போது அதிகமா குறைஞ்சா பெரும்பாலும் பம்புக்கு அப்புறம் தண்ணி திரும்பி வர்ற பைப்லதான் கோளாறு. இதெல்லாம் இறைச்சுட்டா கண்டுபிடிக்கிறது ரொம்ப கஷ்டம், கான்ட்ராக்டர் அவர் பாட்டுக்கு டைல்ஸ் ஒட்டிட்டுப் போயிடுவார், கசிவு அடியில அப்படியே இருக்கும்.

ஆனா தண்ணில கை வைக்கிறதுக்கு முன்னாடி மெயின்லயே பூல் லைன் கரண்டை ஆஃப் பண்ணிடுங்க. பழைய பூல் லைட் பலது நேரடியா வீட்டு கரண்ட்ல ஓடும், ரப்பர் சீல் இத்துப் போயிருக்கும். இப்ப போடறது 12 வோல்ட் லைட், அதையே போடுங்க. முழு லைனுக்கும் 30 மில்லி ஆம்பியர்ல, இல்ல அதுக்கும் குறைவான கரண்ட் கசிவுலயே ட்ரிப் ஆகிற பாதுகாப்பு ஸ்விட்ச், அதாவது ஆர்சிசிபி வேணும். கான்கிரீட்டுக்குள்ள இருக்கிற கம்பி, ஏணி, கைப்பிடி, பம்ப் பாடி எல்லாத்தையும் ஒரே செப்புக் கம்பில இணைச்சிருக்கான்னு பூல் வேலை தெரிஞ்ச எலக்ட்ரீஷியனை விட்டு பார்க்கச் சொல்லுங்க, சாதாரண வயரிங் பண்றவருக்கு இந்த இணைப்பு பத்தி தெரியாமலே இருக்கலாம்.

தண்ணி நிக்கிற வரைக்கும் கொசு ஒரு தொல்லை, முட்டைலேர்ந்து பறக்கிற கொசு வர்றதுக்கு ஒரு வாரம் பத்து நாள் போதும். கொசுப் புழுவைக் கொல்ற பிடிஐங்கிற பாக்டீரியா மாத்திரை கிடைக்கும், அதைப் போட்டுட்டு நிதானமா வேலை பாருங்க.

நிலத்தடி நீர் கீழ இருக்குன்னு உறுதியான பிறகு, வறண்ட காலத்துல, இறைச்சு கழுவிட்டு சுவரைப் பாருங்க. மேல்பூச்சுல மயிரிழை மாதிரி வலை வலையா விரிசல் இருந்தா கவலை இல்ல, பூச்சோட போயிடும். மேல் விளிம்புலேர்ந்து தரை வரைக்கும் ஒரே கோடா ஓடற விரிசல், ரெண்டு பக்கமும் மட்டம் மாறின விரிசல், துருக் கறை கசியிற இடம், இது மூணும் கவலைப்பட வேண்டியது. துருக் கறைன்னா பெரும்பாலும் உள்ள கம்பி துரு பிடிச்சு ஊதி கான்கிரீட்டைத் தள்ளுதுன்னு அர்த்தம், அதுக்கு மேல பூசினா சீக்கிரமே மறுபடி வெளிய வரும். ஒரு மரக்கட்டையால தட்டிக்கிட்டே போங்க, டொப்புன்னு வெத்துச் சத்தம் கேட்கிற இடம் விட்டுப்போன பூச்சு. அதிகமா இருந்தா ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூப்பிடுங்க, பூல் விக்கிறவரோட கருத்து இதுக்குப் போதாது. தரையில உறிஞ்சற ட்ரெயின் ஒண்ணே ஒண்ணுதானா? அது மேல ஆள் உட்கார்ந்தா எழுந்திருக்க முடியாத அளவுக்கு இழுக்கும், முடி மாட்டினா அவ்வளவுதான். ஒண்ணுக்கொண்ணு குறைஞ்சது 90 செ.மீ. தள்ளி ரெண்டு ட்ரெயின், மேல பாதுகாப்பு மூடி, இல்லாம அந்தப் பூல்ல யாரையும் இறக்காதீங்க.

மூடலாமா வேண்டாமாங்கிற கேள்விக்கு இந்தக் கட்டத்துலதான் பதில் வரும். சுவர் நல்லா இருந்து பைப்பும் பூச்சும் மட்டும் போயிருந்தா காப்பாத்துங்க. கம்பி பல இடத்துல போயிடுச்சு, இல்ல வாராவாரம் பராமரிக்க வீட்டுல ஆள் இல்லன்னா அம்மா சொல்றது சரிதான், அதுல தப்பே இல்ல. ஆனா சும்மா மண்ணைக் கொட்டக் கூடாது, தரையில பெரிய ஓட்டைகள் உடைச்சு விட்டு, மேல் விளிம்பை உடைச்செடுத்து, கீழ ஜல்லி போட்டு, மேல மண்ணை 20, 30 செ.மீ. அடுக்கா போட்டு ஒவ்வொரு அடுக்கையும் இறுக்கணும். ஓட்டை போடலேன்னா மழைத் தண்ணி உள்ளயே தேங்கி மேல் தரை சேறாகும். அந்த இடத்துல பின்னாடி ரூம் கட்டற எண்ணம் இருந்தா முழுசா உடைச்சு எடுத்துடுங்க.

தோட்டம் பக்கம் வர்றேன். புதரை கையால வெட்டுங்க, உடனே ஜேசிபி இறக்காதீங்க, பழைய வீட்டுப் பின்பக்கத்துல மூடின கிணறு, செப்டிக் டேங்க், எங்க போகுதுன்னே தெரியாத பைப் எல்லாம் இருக்கும். பூலை ஒட்டி பெரிய மரம் இருந்தா இலை விழுதேன்னு அவசரப்பட்டு வெட்டாதீங்க. களிமண்ணா இருந்தா, அந்த மரம் இத்தனை வருஷம் உறிஞ்சிட்டிருந்த ஈரம் மண்ணுலயே தங்கி மண்ணு ஊதும், பூல் சுவரையும் சில சமயம் வீட்டு அஸ்திவாரத்தையும் தள்ளும். மரம் பத்தி தெரிஞ்சவர்கிட்ட கேட்டுட்டு முடிவெடுங்க.

பைப் எல்லாத்துக்கும் அழுத்த சோதனை பண்ணி, அழுத்தம் குறையலேன்னு கண்ணால பார்த்த பிறகுதான் மேல தளம் போட விடணும். தளம் பூலை விட்டு வெளிப்பக்கமா மீட்டருக்கு 2 செ.மீ. சரியணும். பூல் விளிம்புக்கும் தளத்துக்கும் நடுவுல ஒரு இடைவெளி விட்டு அதுல சீலன்ட்தான் அடைக்கணும், பார்க்க நல்லா இல்லேன்னு சிமெண்ட் வச்சு பூசிடுவாங்க, வெயில்ல தளம் விரியும்போது விளிம்பு டைல்ஸ் வரிசையா பேர்றதுக்கு பாதி காரணம் அதுதான். புது பம்ப் வாங்கறதா இருந்தா வேகம் மாத்தற வகை வாங்குங்க, பாதி வேகத்துல ஓட்டினா கரண்ட் கணக்குப்படி எட்டுல ஒரு பங்கு ஆகும், நேரம் கூட ஓட்டினாலும் மிச்சம்தான். செடி, புல் எல்லாம் கடைசி, அதுவும் இலை அதிகம் உதிர்க்காத, வேர் பரவாத வகையா.

புதுப் பூச்சு முடிஞ்சு தண்ணி விட ஆரம்பிச்சா நடுவுல நிறுத்தாதீங்க, நிறுத்தின இடத்துல வளையமா கறை நிக்கும். முதல் ரெண்டு வாரம் தினமும் ப்ரஷ் போடுங்க, சிமெண்ட் பூச்சு தண்ணியோட பிஎச்சை (அமிலமா காரமான்னு காட்டற அளவு) ஏத்திக்கிட்டே இருக்கும், 7.2க்கும் 7.8க்கும் நடுவுல பிடிச்சு வையுங்க. குளோரின் 1லேர்ந்து 3 பிபிஎம், அதாவது லிட்டருக்கு அத்தனை மில்லிகிராம். மேல சொன்ன 45,000 லிட்டருக்கு 1 பிபிஎம் ஏத்த 65 சதவீத குளோரின் பவுடர் சுமார் 70 கிராம் போதும், அள்ளிக் கொட்ட வேண்டியதில்ல. பவுடரை பக்கெட் தண்ணில போடுங்க, பவுடர் மேல தண்ணி ஊத்தாதீங்க. பழைய ஷெட்ல முன்னாடி இருந்தவங்க விட்டுப்போன குளோரின் டப்பா எது கிடைச்சாலும் புதுசோட கலக்காதீங்க, ஒரே கரண்டியைக்கூட ரெண்டுக்கும் போடாதீங்க, வெவ்வேற வகை குளோரின் ஒண்ணு சேர்ந்தா தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும், ஆசிட் பட்டா விஷ வாயு கிளம்பும். அந்த டப்பாவை குப்பையிலயும் போடாம, ரசாயனக் கழிவு எடுக்கிறவங்ககிட்ட ஒப்படைங்க.