முதல் கார், முதல் கடன்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வயது 24. தனியார் மருத்துவமனையில் லேப் டெக்னீஷியன். பிடித்தம் போகக் கைக்கு 22,000 ரூபாய் வருகிறது. இதுவரை எந்தக் கடனும் வாங்கியதில்லை. கார் ஷோரூமில் பார்த்துவிட்டு, “சிபில் -1 காட்டுது, கடன் கஷ்டம். கொஞ்சம் வட்டி கூட ஆனா பரவாயில்லைன்னா முடிச்சுத் தர்றோம்” என்கிறார்கள். அப்பா ஒன்றரை லட்சம் தருவதாகச் சொல்கிறார். என்ன செய்யலாம்?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: -1 என்பது கெட்ட மதிப்பெண் அல்ல. வாங்கிய கடனை எப்படிக் கட்டினீர்கள் என்பதற்குத் தரப்படும் சிபில் மதிப்பெண் 300-ல் தொடங்கி 900 வரை போகும். தவணை தவறியவர்கள்தான் அதில் கீழே கிடப்பார்கள். உங்கள் பெயரில் எழுத இன்னும் எதுவும் இல்லை என்பதற்கான குறிதான் -1. முதல்முறை கடன் கேட்பவரை, கடன் வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காகத் திருப்பி அனுப்பக் கூடாது என்று வங்கிகளுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. ஆகவே “வட்டி கூட” என்ற பேச்சுக்குப் பயந்து அங்கேயே கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

முதலில் போக வேண்டிய இடம் சம்பளம் ஏறும் வங்கிக் கிளை. மாதாமாதம் எந்தத் தேதியில் எவ்வளவு வருகிறது, மாதக் கடைசியில் எவ்வளவு மிஞ்சுகிறது என்பது அவர்கள் திரையிலேயே இருக்கும். மதிப்பெண் இல்லாதவருக்கு அந்தக் கணக்குதான் சாட்சி. கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, ஃபார்ம் 16 (சம்பளத்தில் வரி பிடித்ததற்கான சான்று) இருந்தால் அது, ஆதார், பான், வேலை அடையாள அட்டை ஆகியவற்றைக் கொண்டுபோய், எவ்வளவு, என்ன வட்டி, எத்தனை மாதம் என்று எழுத்தில் ஒப்புதல் கடிதம் வாங்குங்கள். காரை புக் செய்வது அதற்குப் பிறகுதான். கையில் கடிதம் இருந்தால் ஷோரூம்காரர் அதைவிடக் குறைத்துத் தந்தாக வேண்டும். இல்லையென்றால் அவர் சொல்வதுதான் வட்டி.

ஷோரூமில் ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். “எவ்வளவு எலிஜிபிள்னு மட்டும் பார்த்துடலாம் சார், ஓடிபி சொல்லுங்க” என்பார்கள். அந்த ஓடிபிதான் உங்கள் கடன் அறிக்கையை எடுக்க நீங்கள் தரும் சம்மதம். ஒரே வாரத்தில் நான்கு நிறுவனங்களுக்கு அனுப்பினால் நான்கு விசாரணைகள் பதிவாகும். அடுத்து பார்க்கும் வங்கிக்கு, எங்கேயும் கிடைக்காமல் அலைகிறவர் போல நீங்கள் தெரிவீர்கள். உங்கள் அறிக்கையை நீங்களே எடுத்துப் பார்ப்பதால் மதிப்பெண் குறையாது. கடன் அறிக்கை தயாரிக்கும் நிறுவனங்களான சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் நான்குமே ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும்.

எவ்வளவு கடன்? 3 லட்சத்துக்கு மேல் போகாதீர்கள் என்பது என் கருத்து. 10 சதவீத வட்டியில் 5 ஆண்டுக்கு மாதத் தவணை 6,374 ரூபாய். பெட்ரோல், சர்வீஸ், இன்ஷூரன்ஸ் சேர்த்தால் மாதம் 10,000-ஐத் தொட்டுவிடும். உங்கள் சம்பளத்தில் இதுவே அதிகம். வீட்டு வாடகை கொடுப்பவராக இருந்தால் இந்த ஆண்டு கார் வேண்டாம். “7 வருஷம் போட்டா 4,980-தான்” என்று ஆசை காட்டுவார்கள். அப்படிப் போட்டால் வட்டி மட்டும் ஏறத்தாழ 36,000 ரூபாய் கூடுகிறது.

ஆக, 4.5 லட்சத்துக்குள் ஆன்-ரோடு முடிய வேண்டும். ஷோரூம் விலையோடு ஆயுள் வரியும் உண்டு என்பதை மறக்க வேண்டாம். தமிழ்நாட்டில் 5 லட்சம் வரையுள்ள காருக்கு 12 சதவீதம், அதற்கு மேல் 10 லட்சம் வரை 13 சதவீதம். அங்கேயே எடுக்கச் சொல்லும் இன்ஷூரன்ஸ், எக்ஸ்டெண்டட் வாரண்டி, கடனுக்கான ஆயுள் காப்பீடு எதையும் அவர்களிடமே வாங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இன்ஷூரன்ஸை வெளியில் விலை கேட்டுவிட்டுப் பேசுங்கள்.

ஏழெட்டு மாதம் பொறுக்க முடியும் என்றால் இன்னும் நல்லது. வங்கியில் 20,000 ரூபாய் வைப்பு போட்டு, அதன் பேரில் கிரெடிட் கார்டு வாங்குங்கள். மாதம் 4,000, 5,000 ரூபாய்க்குள் பெட்ரோலுக்கும் மளிகைக்கும் தேய்த்து, பில் வந்ததும் முழுத்தொகையையும் கட்டுங்கள். ‘மினிமம் டியூ’ என்ற குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் வட்டி தின்றுவிடும். சுமார் ஆறு மாதத்தில் -1 போய் ஒரு மதிப்பெண் வந்துவிடும். இதற்கிடையில் தவணையில் செல்போன் வாங்கி ஒரு மாதம் பவுன்ஸ் ஆனால், போட்ட பாடெல்லாம் வீண்.

கேள்வி: பழைய கார் பார்த்திருக்கிறேன். 4 லட்சம் கடன், 5 வருடம். ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி 10 சதவீதம் என்கிறது. வங்கி 12 சதவீதம் என்கிறது. ஃபைனான்ஸ்தானே லாபம்?
– வாசகர், நாகப்பட்டினம்

பதில்: “ஃபிளாட்டா, ரெடியூசிங்கா” என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள். ஃபிளாட் என்றால், நீங்கள் பாதிக் கடனை அடைத்த பிறகும் முழு 4 லட்சத்துக்கும் வட்டி ஓடும். 10 சதவீதம் ஃபிளாட்டில் ஐந்து ஆண்டுக்கு வட்டி 2 லட்சம், தவணை 10,000. வங்கியின் 12 சதவீதம் குறையும் நிலுவைக்கு என்றால் தவணை 8,898. மொத்த வட்டி சுமார் 1,34,000. 66,000 ரூபாய் வித்தியாசம். அந்த 10 சதவீதம் ஃபிளாட் உண்மையில் 17 சதவீதத்துக்கும் மேல். 2024 அக்டோபர் முதல் தனிநபர்கள் வாங்கும் கடன்களுக்கு ‘கீ ஃபேக்ட் ஸ்டேட்மெண்ட்’ என்ற தாளைக் கையெழுத்துக்கு முன்பே தர வேண்டும். கட்டணங்களும் சேர்ந்த ஆண்டு விகிதம் அதில் இருக்கும். அந்த எண்ணை மட்டும் ஒப்பிடுங்கள். முன்கூட்டியே அடைத்தால் என்ன கட்டணம் என்பதையும் அதே தாளில் பாருங்கள்; நிலையான வட்டிக் கடனுக்கு அது இருக்கக் கூடும்.

பழைய கார் கடனில் இன்னொரு சிக்கல் மதிப்பீடு. விற்பவர் 5 லட்சம் சொல்வார், வங்கியின் மதிப்பீட்டாளர் 4.2 லட்சம் என்பார். 80 சதவீதம் கடன் என்றால் 3.36 லட்சம்தான் வரும். மீதியைக் கையிலிருந்து போட வேண்டும். மதிப்பீடு வரும் முன் பெரிய முன்பணம் கொடுக்காதீர்கள். ஆர்சியில் பழைய ஃபைனான்ஸ் பெயர் இருக்கிறதா என்று பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள்.

நாகை, வேதாரண்யம் பக்கத்து வண்டி என்றால் கட்டாயம் லிஃப்டில் ஏற்றி அடியைப் பாருங்கள். உப்புக் காற்று சைலன்சரையும் சேஸிஸ் ஓரங்களையும் அரித்திருக்கும். வெள்ளத்தில் நின்ற வண்டி ஊர் மாறி விற்பனைக்கு வருவதும் உண்டு. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். வெளியே தெரியும் பகுதி பளிச்சென்றும், உள்ளே சுருண்டிருந்த பகுதி சேற்றுக் கறையோடும் இருந்தால் அந்த வண்டி வேண்டாம்.

கேள்வி: எனக்கு 26 வயது. 5 ஏக்கர் நஞ்சை, பட்டா அப்பா பெயரில். விவசாயம் நான்தான் பார்க்கிறேன். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்ததில்லை. கார் கடன் கிடைக்குமா?
– வாசகர், திருத்துறைப்பூண்டி

பதில்: கிடைக்கும், அப்பா இணை விண்ணப்பதாரராக வந்தால். விவசாய வருமானத்துக்கு வரி இல்லாததால் கணக்கு தாக்கல் இல்லாதது குற்றமில்லை. ஆனால் வருமானத்துக்குத் தடயம் வேண்டும். சிட்டா, அடங்கல் நிலத்தையும் பயிரையும்தான் காட்டும். பணத்தைக் காட்டுவது நேரடி நெல் கொள்முதல் நிலையத்திலிருந்து கணக்கில் ஏறிய தொகை. வியாபாரியிடம் களத்திலேயே ரொக்கமாக விற்றால் அது எங்கும் தெரியாது. இரண்டு அறுவடையாவது கணக்கு வழியே வரட்டும்.

அப்பாவின் கடன் அறிக்கையை முதலில் எடுங்கள். பயிர்க்கடனோ நகைக்கடனோ கெடு தாண்டி நின்றால், உங்கள் விண்ணப்பமும் அதோடு சாயும். அதை நேர் செய்துவிட்டுப் போங்கள்.

மாதத் தவணைக்குப் பதில் அரையாண்டுத் தவணை தரும் நிறுவனங்கள் உண்டு, கேளுங்கள். வட்டி சற்றுக் கூடும். ஆனால் மாதாமாதம் பவுன்ஸ் ஆவதைவிட மேல். சம்பா அறுவடை ஜனவரி, பிப்ரவரியில் முடிந்தாலும் கெடுவை மார்ச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மூட்டை எடை போட்டுப் பணம் ஏற நாளாகலாம். கடைமடைக்குத் தண்ணீர் எல்லா ஆண்டும் ஒரே மாதிரி வருவதில்லை. அதனால் குறுவையைக் கணக்கில் சேர்க்காமல், சம்பா ஒன்றிலேயே இரண்டு தவணையும் கட்ட முடியுமா என்று பார்த்துக் கடன் தொகையை முடிவு செய்யுங்கள்.

கேள்வி: கல்விக் கடனை வங்கியோடு பேசி, குறைந்த தொகைக்கு முடித்துவிட்டேன். இப்போது கார் கடன் மறுக்கப்படுகிறது. ஏன்?
– வாசகர், கும்பகோணம்

பதில்: அறிக்கையில் ‘குளோஸ்டு’ என்று இல்லாமல் ‘செட்டில்டு’ என்று இருக்கும். வங்கி ஒரு பகுதியை இழந்தது என்று அதற்கு அர்த்தம். அதே கிளைக்குப் போய் விட்டுக்கொடுத்த தொகை எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். முடிந்தால் அதைக் கட்டி, நிலுவை இல்லை என்ற சான்றிதழ் வாங்கி, ‘குளோஸ்டு’ என மாற்றச் சொல்லிக் கடிதம் கொடுங்கள். கட்டிய பிறகும் மாறவில்லையென்றால் சிபில் தளத்திலேயே புகார் பதியலாம். 30 நாளில் தீர்க்காவிட்டால் அதன் பிறகு நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது விதி. புகார் எண்ணைப் பத்திரமாக வைத்திருங்கள்.

கேள்வி: கார் கடன் கட்டி முடித்தாயிற்று. இனி ஒன்றும் இல்லையே?
– வாசகர், திருவாரூர்

பதில்: ஆர்சியில் இன்னும் வங்கி பெயர்தான் இருக்கிறது. வங்கியிடம் என்ஓசியும் (தடையில்லாச் சான்று), அடமானப் பதிவை நீக்குவதற்கான ஃபார்ம் 35 கையெழுத்திட்ட இரண்டு பிரதிகளும் வாங்குங்கள். என்ஓசி பெரும்பாலும் 90 நாள்தான் செல்லும். தள்ளிப்போட்டால் மறுபடி அலைய வேண்டும். ஆர்சி, நடப்பு இன்ஷூரன்ஸ், புகைச் சான்றிதழோடு ஆர்டிஓ அலுவலகத்தில் கொடுத்து அடமானப் பதிவை நீக்குங்கள். பிறகு இன்ஷூரன்ஸ் பாலிசியிலும் வங்கி பெயரை எடுக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் விபத்து இழப்பீட்டுக் காசோலை, கடனே இல்லாத வங்கியின் பெயருக்குப் போகும்.