பெயர் மாறிய தொகுப்புக் கோப்பை எப்படி அடையாளம் காண்பது?
மாட்டுத்தாவணி பக்கம் உள்ள உங்கள் கணினிக் கடைக்குப் பென்டிரைவில் ‘புதுசு1’ என்ற பெயரில் வந்த டெபியன் (லினக்ஸ் வகைகளில் ஒன்று) மென்பொருள் தொகுப்பு எது என்று கேட்டிருக்கிறீர்கள். பெயரை விடுங்கள், ஹாஷைப் பாருங்கள்; அது கோப்பின் உள்ளடக்கத்தைக் கணக்கிட்டு எடுக்கும் கைரேகை போன்றது. லினக்ஸில் ‘எஸ்ஹெச்ஏ256சம்’ (sha256sum) கட்டளையோடு கோப்பின் பெயரைக் கொடுத்தால் எண்களும் ஆங்கில எழுத்துகளும் கலந்த 64 இலக்க வரிசை வரும், அதுதான் ஹாஷ். கோப்பின் பெயரை எத்தனை முறை மாற்றினாலும் அது மாறாது. உள்ளே ஒரேயொரு புள்ளி கூடினாலும் வரிசை அடையாளமே தெரியாமல் மாறிவிடும். ஒரு உரைக்கோப்பில் செய்து பாருங்கள், அசந்துபோவீர்கள்.

சரி, எதோடு ஒப்பிடுவது? டெபியன் தன் தொகுப்புகளை வைத்திருக்கும் களஞ்சியத்தின் ‘பேக்கேஜஸ்’ (Packages) கோப்பில் ஒவ்வொரு தொகுப்புக்கும் இந்த வரிசை இருக்கிறது. அதில் தேடிக் கிடைத்தால் பெயரும் பதிப்பும் கையில். கிடைக்காவிட்டால் பழைய பதிப்பாகவும் இருக்கலாம். ஆனாலும் வாடிக்கையாளர் கணினியில் நிறுவாதீர்கள்.

ஹாஷ் எடுக்கும் பழைய முறைகளான எம்டி5 (MD5), எஸ்ஹெச்ஏ-1 (SHA-1) இரண்டையும் நம்ப வேண்டாம். ஒரே ஹாஷ் வரும் இரு வேறு தரவுகளை எம்டி5-க்கு 2004-லேயே காட்டிவிட்டார்கள், எஸ்ஹெச்ஏ-1-க்கு 2017-ல்.