வெளிநாட்டு ரிமோட், உள்ளூர் ஏர்கோன்: வாசகர் கேள்வி-பதில்

வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளையும் இயக்கும் பொது ரிமோட் ஒன்றை வெளிநாட்டிலிருந்து மலேசியாவுக்குத் தருவிக்கலாமா என்று சென்ற மாதம் ஒரு வாசகர் கேட்டதற்கு நான்கு வரியில் பதில் எழுதியிருந்தேன். அந்த நான்கு வரி போதவில்லை என்பதைப் பிறகு வந்து சேர்ந்த கடிதங்கள் உணர்த்தின. அவற்றுள் சிலவற்றைச் சுருக்கித் தருகிறேன்.

வீட்டில் தொலைக்காட்சி, ஆஸ்ட்ரோ கட்டணத் தொலைக்காட்சிப் பெட்டி, ஒலிபெருக்கி, ஏர்கோன் என நான்கு ரிமோட்டுகள் கிடக்கின்றன. டெக்சாஸில் இருக்கும் மகள் தீபாவளிக்கு வரும்போது நான்குக்கும் சேர்த்து ஒன்று வாங்கி வருவதாகச் சொல்கிறாள். அமெரிக்க ரிமோட் இங்கே வேலை செய்யுமா? – வாசகி, பிரிக்ஃபீல்ட்ஸ்

அம்மா, ரிமோட்டின் முனையிலிருந்து புறப்படுவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி. பெரும்பாலான கருவிகளுக்கு அந்த ஒளி நொடிக்கு ஏறத்தாழ 38,000 முறை துடிக்கிறது. சோனிக்கு 40,000, பிலிப்ஸின் பழைய முறைக்கு 36,000. இந்தக் கணக்கு டெக்சாஸிலும் பிரிக்ஃபீல்ட்ஸிலும் ஒன்றுதான், ஒளிக்குக் கடப்பிதழ் தேவையில்லை. சிக்கல் ரிமோட்டின் நினைவகத்தில் இருக்கிறது. அமெரிக்கச் சந்தைக்காகச் செய்யப்பட்டதில் அந்நாட்டுக் கேபிள் நிறுவனங்களின் பெட்டிகளுக்கான குறியீடுகள் நிறைந்திருக்கும். நம் ஆஸ்ட்ரோ டிகோடருக்கு அதில் இடம் கிடைத்திருக்கும் என்று நம்பிப் பணம் கொடுக்க முடியாது. ஆகவே, எத்தனை கருவிகளை இயக்கும் என்று பார்க்க வேண்டாம், பழைய ரிமோட்டைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் வசதி உண்டா என்று மட்டும் பார்த்து வாங்கச் சொல்லுங்கள். அந்த வசதி இருந்தால் தொலைக்காட்சி, ஆஸ்ட்ரோ, ஒலிபெருக்கி மூன்றும் அடங்கிவிடும். ஏர்கோன் தனிக் கதை, கீழே வருகிறது.

இன்னொன்றும் பார்க்கச் சொல்லுங்கள். மின்னேற்றும் தாங்கியுடன் வரும் ரிமோட்டாக இருந்தால், அதன் அடாப்டரின் அடியில் பொடி எழுத்தில் 100–240 வோல்ட் என்று இருக்க வேண்டும். 120 வோல்ட் என்று மட்டும் இருந்தால் கடையிலேயே விட்டுவிடலாம். சில ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவிலிருந்து வரவழைத்த ரிமோட்டின் தாங்கியை, இரண்டு ரிங்கிட் மாற்றுச் செருகி ஒன்றின் துணையோடு நம் மூன்று துளைச் சுவிட்சில் செருகினேன். மாற்றுச் செருகி ஊசியின் வடிவத்தைத்தான் மாற்றும், மின்னழுத்தத்தை மாற்றாது என்பது பள்ளிக்கூடப் பாடம். ஒரு சிறு ‘டப்’ சத்தமும், பிளாஸ்டிக் கருகும் வாடையும், மேசை விரிப்பில் ஐம்பது சென் அளவுக்குப் பழுப்பு வட்டமும் மிஞ்சின. விரிப்பு இன்னும் வீட்டில் இருக்கிறது.

அதே ரிமோட்டில் ஆட்டோ கேட்டையும் திறக்க முடியுமா? – செந்தூல்

முடியாது. ஆட்டோ கேட் ஒளிக்குத் திறப்பதில்லை, வானொலி அலைக்குத் திறக்கிறது. நம் நாட்டில் அது பெரும்பாலும் 330 அல்லது 433 மெகாஹெர்ட்ஸ். கேட் பொருத்தியவரிடமே மாற்று ரிமோட் கேளுங்கள்.

‘1000 இன் 1’ என்று அச்சிட்ட ஏர்கோன் ரிமோட்டைச் சீனாவிலிருந்து இணையத்தில் 12 வெள்ளிக்கு வாங்கினேன். ஏர்கோன் ஓடுகிறது, குளிரும் கூடுகிறது, குறைகிறது. ஆனால் காற்றை மேலும் கீழும் அசைக்கும் பொத்தான் வேலை செய்யவில்லை. ‘4000 இன் 1’ வாங்கினால் சரியாகுமா? – பட்டர்வொர்த்

ஆகாது. இந்த ‘இன் 1’ எண்களைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வருகிறது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

தொலைக்காட்சி ரிமோட் ஒரு பொத்தானுக்கு ஒரு கட்டளையைத்தான் அனுப்பும்: ஒலியைக் கூட்டு, அலைவரிசையை மாற்று, அவ்வளவுதான். ஏர்கோன் ரிமோட் அப்படியன்று. பெரும்பாலான மாடல்களில் நீங்கள் எந்தப் பொத்தானை அழுத்தினாலும், இயக்கம், முறை, வெப்பநிலை, விசிறி வேகம், காற்றின் திசை என்று முழு நிலவரத்தையும் ஒரே மூச்சில் ஒப்பித்துவிடுகிறது. நிலவரத்தை நினைவில் வைத்திருப்பதும் ரிமோட்தான். வேண்டுமானால் ரிமோட்டைக் கூடத்துக்கு எடுத்துப் போய் 24-ஐ 20 ஆக்கிப் பாருங்கள். ரிமோட்டின் திரையில் 20 என்று தெரியும், அறையில் இருக்கும் ஏர்கோனோ 24-லேயே ஓடிக்கொண்டிருக்கும். இந்த நீண்ட ஒப்பித்தலில் எந்த இடத்தில் எதைச் சொல்ல வேண்டும் என்பதை ஒவ்வொரு தயாரிப்பாளரும் தம் விருப்பப்படி வகுத்திருக்கிறார்கள், ஒரே தயாரிப்பாளரின் பழைய மாடலுக்கும் புதிய மாடலுக்கும்கூட வேறுபாடு உண்டு. பொது ரிமோட் செய்கிறவர் இயக்கம், வெப்பநிலை, விசிறி ஆகிய மூன்றையும் பொருத்தியதும் ‘பொருந்துகிறது’ என்று கணக்கில் எழுதிக்கொள்கிறார். காற்றின் திசை உங்கள் மாடலில் வேறொரு மூலையில் உட்கார்ந்திருக்கும்.

ஆயிரம் என்ற எண்ணுக்கு வருவோம். ஒரே ஆலையில் செய்யப்பட்டு வெவ்வேறு பெயர் ஒட்டி விற்கப்படும் ஏர்கோன்கள் ஏராளம், அவை எல்லாவற்றுக்கும் ஒரே குறியீடு போதும். ஆனாலும் பெயருக்கு ஒன்றாக எண்ணினால்தானே ஆயிரம் வரும்? நான்காயிரம் என்று அச்சிட்டவர் அதே பட்டியலை இன்னும் தாராளமாக எண்ணியிருக்கிறார். எண்ணிக்கை உங்களுக்குப் பயன்படாது, உங்கள் ஏர்கோனுக்கு உரிய அந்த ஒரே ஒரு குறியீடு சரியாக இருக்கிறதா என்பதே கேள்வி. அதை மட்டும் எந்தப் பெட்டியும் சொல்வதில்லை. எட்டு மடிப்பாக வரும் குறியீட்டுத் தாளைப் படிக்கவோ உருப்பெருக்கிக் கண்ணாடி வேண்டும்.

நீங்கள் செய்யக்கூடியது இரண்டு. முதலாவது, குறியீட்டைத் தானாகத் தேடும்போது ஏர்கோன் ‘பீப்’ என்றதும் நிறுத்தி, திரையில் தெரியும் எண்ணைக் குறித்துக்கொண்டு, அத்துடன் நில்லாமல் அடுத்தடுத்த எண்களையும் ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். முதலில் பொருந்தியதே சிறப்பாகப் பொருந்துவது என்று விதியில்லை, சில எண்கள் தள்ளிப் போனால் திசைப் பொத்தான் உயிர் பெறலாம். இரண்டாவது, அதுவும் கைகொடுக்காவிட்டால், பழைய ரிமோட்டின் பின்பக்கத்திலோ மின்கல மூடிக்கு உள்ளேயோ இருக்கும் மாடல் எண்ணைப் படம் எடுத்து, அந்தத் தயாரிப்பாளரின் சேவை மையத்தில் அசல் மாற்று ரிமோட் கேளுங்கள். கோலாலம்பூர்க்காரர்களாக இருந்தால் புடு ஜாலான் பாசாரின் மின்னணுக் கடைகளிலும் அந்தப் படத்தைக் காட்டி விசாரிக்கலாம். 12 ரிங்கிட்டை மீண்டும் ஒருமுறை கடல் கடந்து அனுப்பாதீர்கள்.

வெளிநாட்டுத் தளத்தில் 389 வெள்ளி கொடுத்து வாங்கிய ரிமோட் எல்லாவற்றையும் இயக்குகிறது, தொலைக்காட்சியின் பின்னால் செருகியிருக்கும் ஃபயர் டிவி ஸ்டிக்கை மட்டும் இயக்க மறுக்கிறது. வாங்கி இரண்டு மாதம் ஆகிறது. இது மோசடிதானே? – செராஸ்

மோசடியன்று. நீங்கள் அனுப்பிய விற்பனைப் பக்கத்தின் படத்தில், மூன்றாம் வரியிலேயே ‘அகச்சிவப்பு மட்டும்’ என்று எழுதியிருக்கிறது. அந்த ஸ்டிக்கில் அகச்சிவப்பு ஒளியை வாங்கும் கண்ணே கிடையாது, அதன் ரிமோட் புளூடூத்தில் பேசுகிறது. 389 ரிங்கிட்டுக்கு மூன்று வரி படிக்கப் பொறுமை இல்லாதவருக்காக விற்பவரிடம் போய் நான் வாதாட முடியாது.

இருந்தாலும் ஒன்று செய்து பாருங்கள். தொலைக்காட்சியின் அமைப்புகளில், ஸ்டிக் செருகியிருக்கும் எச்டிஎம்ஐ துளை வழிக் கட்டுப்பாட்டு வசதி இருக்கும். சாம்சங் அதை எனிநெட் பிளஸ் என்றும், சோனி பிராவியா சிங்க் என்றும், எல்ஜி சிம்ப்லிங்க் என்றும் அழைக்கின்றன. அதை இயக்கிவிட்டால், தொலைக்காட்சிக்குப் போகும் அம்புக்குறிப் பொத்தான்களே ஸ்டிக்கையும் நகர்த்தக்கூடும். ஒரு சென் செலவில்லை.

விற்பனைப் பக்கத்தில் ‘கோலாலம்பூர் கிடங்கிலிருந்து அனுப்பப்படும்’ என்று இருந்ததை நம்பி 265 வெள்ளி செலுத்தினேன். மூன்று வாரம் கழித்துச் சீனாவிலிருந்து பொட்டலம் வந்தது. படத்தில் காட்டிய வைஃபை மையக் கருவி அதில் இல்லை, வெறும் ரிமோட் மட்டும் இருந்தது. கேட்டால், என் செலவில் திருப்பி அனுப்பச் சொல்கிறார்கள். – ஓய்வுபெற்ற ஆசிரியர், ஆயர் ஈத்தாம்

ஐயா, இதில் உங்கள் தவறு எதுவும் இல்லை. நீங்கள் பக்கத்தைப் படித்தீர்கள், படத்தைப் பார்த்தீர்கள், எழுதியிருந்ததை நம்பினீர்கள். பொய் எழுதியது அவர்கள். விற்கும் பொருள் அதன் வருணனைக்கு ஒத்திருக்க வேண்டும் என்பது 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்கு அளிக்கும் உரிமை.

தளத்தில் ‘பொருளைப் பெற்றுக்கொண்டேன்’ என்ற பொத்தானை இன்னும் அழுத்தவில்லை என்றால் அழுத்தாதீர்கள். அழுத்தியதும் தளம் பிடித்து வைத்திருக்கும் பணம் விற்பவருக்குப் போய்விடும். பொட்டலத்தின் மேல் ஒட்டிய அனுப்புநர் முகவரி, பிரித்த பெட்டி, விற்பனைப் பக்கம் மூன்றையும் இன்றே படம் எடுத்து, ‘பொருள் முழுமையாக வரவில்லை’ என்ற காரணத்தின் கீழ்த் தளத்திடம் முறையீடு பதியுங்கள். விற்பவரிடம் தனிச் செய்தியில் பேரம் பேசிக்கொண்டிருக்க வேண்டாம். ‘நாளை பார்க்கிறோம், அன்பரே’ என்று அவர்கள் இழுப்பதெல்லாம் முறையீட்டுக்கான கெடு முடியும் வரைதான். உங்கள் செலவில் எதையும் திருப்பி அனுப்பாதீர்கள். கடன் அட்டையில் செலுத்தியிருந்தால் வங்கியிடமும் ஆட்சேபம் எழுதிக் கொடுங்கள்.

விற்பவருக்கு மலேசியாவில் பதிவு எண்ணும் முகவரியும் இருந்தால் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயம் உங்களுக்குத் திறந்திருக்கிறது. கட்டணம் 5 ரிங்கிட், 50,000 ரிங்கிட் வரை கோரலாம், மூன்றாண்டுகளுக்குள் பதிய வேண்டும், வழக்கறிஞர் தேவையில்லை. முகவரி சீனாவில் மட்டும் இருக்குமானால், தீர்ப்பு கையில் கிடைத்தாலும் அதை நிறைவேற்ற ஆள் இருக்காது. அப்போது தளமும் வங்கியும்தான் வழி. நீங்கள் இருக்கும் பினாங்குத் தீவிலேயே பினாங்கு பயனீட்டாளர் சங்கம் இருக்கிறது, ஆவணங்களுடன் நேரில் போய்க் கேளுங்கள். முடிவு என்னவாயிற்று என்று எனக்கும் எழுதுங்கள்.

நான் பார்த்து வைத்திருக்கும் ரிமோட்டின் விலை 480 வெள்ளி. சுங்க வரி வருமா? – கெப்போங்

2024 ஜனவரி 1 முதல், வெளிநாட்டிலிருந்து இணையத்தில் விற்கப்படும் 500 ரிங்கிட்டுக்கு மேற்படாத பொருளுக்கு 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. பதிவு பெற்ற விற்பனையாளர் அதைப் பணம் செலுத்தும்போதே வசூலித்துவிடுவார் என்பதால், உங்கள் 480 அங்கேயே 528 ஆகிவிடும். 500-ஐத் தாண்டினால் வழக்கமான இறக்குமதி விதிகளின்படி சுங்கத்தில் கணக்கிடுவார்கள். அஞ்சல் செலவும் காப்புறுதியும் அந்தக் கணக்கில் சேரும், கூரியர் நிறுவனம் தன் கையாளும் கட்டணத்தையும் மேலே வைக்கும். விலையை ரிங்கிட்டில் காட்டவா, டாலரில் காட்டவா என்று பணம் செலுத்தும் பக்கம் கேட்டால் டாலரையே தேர்ந்தெடுங்கள். அந்தப் பக்கம் தரும் ரிங்கிட் மாற்று விகிதம் பெரும்பாலும் உங்கள் வங்கியுடையதைவிட மோசமாக இருக்கும்.

பொருள் வழியில் இருக்கும்போது, ‘உங்கள் பார்சல் சுங்கத்தில் நிற்கிறது, 3 ரிங்கிட் செலுத்துங்கள்’ என்று ஓர் இணைப்புடன் குறுஞ்செய்தி வந்தால் தொடாதீர்கள். தொட்டு விவரம் கொடுத்துவிட்டவர்கள் வங்கிக்கும், தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997 எண்ணுக்கும் உடனே அழைக்க வேண்டும்.

லண்டனில் பழைய லாஜிடெக் ஹார்மனி ரிமோட் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா? – பாயான் லெப்பாஸ்

அருமையான கருவி, ஆனால் அதன் தயாரிப்பை நிறுவனம் 2021 ஏப்ரலில் நிறுத்திவிட்டது. ஆதரவு தொடரும் என்று அப்போது அறிவித்தார்கள் என்றாலும், ஒரு புதிய கருவியைச் சேர்ப்பதற்கும் நிறுவனத்தின் மென்பொருளும் இணையத் தரவுத்தளமும் தேவைப்படும் ரிமோட்டை, வேறொருவர் தேய்த்த மின்கலத்தோடு, திருப்பித் தர வழியின்றி வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பழைய ரிமோட்டில் நானே ஏமாந்திருக்கிறேன். லோரோங் கூலிட் சந்தையில் 8 ரிங்கிட்டுக்கு ஒன்று வாங்கி வந்து மின்கல மூடியைத் திறந்தால், சுருள்கம்பி இருக்க வேண்டிய இடத்தில் பச்சைத் தூள் இருந்தது. அங்கே மூடியைத் திறந்து பார்க்க எனக்கு வாய்ப்பாவது இருந்தது. லண்டன் ரிமோட்டை எப்படித் திறப்பீர்கள்?

நேற்று வந்த ரிமோட் எதையும் இயக்கவில்லை. போலியா? – செலாயாங்

கைப்பேசியின் முன்பக்கக் கேமராவுக்கு நேரே பிடித்துப் பொத்தானை அழுத்துங்கள். முனையில் ஊதா ஒளி மினுங்கினால் ரிமோட் நலம், குறியீடுதான் தவறு. மினுங்கவில்லை என்றால் மின்கலம் போட்டீர்களா என்று பாருங்கள், பல ரிமோட்டுகள் மின்கலம் இல்லாமலே வருகின்றன.

அம்மாவுக்கு 81 வயது. ஐம்பது பொத்தான் ரிமோட்டைப் பார்த்தால் மிரள்கிறார். முதியோருக்கான பெரிய பொத்தான் ரிமோட் வெளிநாட்டில்தான் கிடைக்குமா? – ஜெலுத்தோங்

தம்பி, அதற்காக ஐரோப்பிய விலை கொடுக்க வேண்டாம். ஆறு அல்லது எட்டுப் பெரிய பொத்தான்கள் மட்டும் கொண்ட, கற்றுக்கொள்ளும் வசதியுள்ள எளிய ரிமோட் இணையக் கடைகளில் சில பத்து ரிங்கிட்டுக்குள் கிடைக்கிறது. உள்ளூரில் இருப்பு வைத்திருப்பவரிடம் வாங்குங்கள், பிடிக்காவிட்டால் மாற்றலாம். பழைய ரிமோட், புதிய ரிமோட் இரண்டிலும் புது மின்கலம் போட்டு, மேசையில் மூக்கோடு மூக்காக இரண்டு விரல் இடைவெளியில் வைத்து, ஜன்னல் வெயில் படாமலும் குழல் விளக்கை அணைத்துவிட்டும் புதிய ரிமோட்டுக்குக் கற்றுக்கொடுங்கள். இயக்கம், ஒலி கூட்டல், ஒலி குறைத்தல், அலைவரிசை மேலே, கீழே என்று ஐந்து போதும். ஆறாவது பொத்தானில் ஏர்கோன் ரிமோட்டை 24-இல் வைத்து அதன் இயக்கப் பொத்தானைக் கற்றுக்கொடுத்துப் பாருங்கள். மேலே பட்டர்வொர்த் வாசகருக்குச் சொன்னபடி முழு நிலவரமும் சேர்ந்து போவதால், அம்மா அழுத்தும்போதெல்லாம் ஏர்கோன் 24-இல் ஓடத் தொடங்கும். மலிவான சில ரிமோட்டுகள் அவ்வளவு நீண்ட கட்டளையைப் பிடித்துக்கொள்ளாது; அப்படியானால் ஏர்கோனுக்குப் பழைய ரிமோட்டே இருக்கட்டும். அதைக் கட்டிலருகே சுவரில் மாட்டி வைத்து, அணைக்கும் பொத்தான் மேல் சிவப்பு நகப்பூச்சில் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள்.