கலக்சிக்கு வயது பார்ப்பது எப்படி?

கேள்வி: தூரத்துக் கலக்சிகளுக்கு வயது சொல்கிறார்கள். அதிலிருக்கும் நட்சத்திரங்களைத் தனித்தனியாகப் பார்க்கவே முடியாதே, பிறகு எப்படி?
– ஏ.எல் மாணவி, சாவகச்சேரி

பதில்: தனித்தனியாகப் பார்க்கிறதே இல்லை, தங்கச்சி. மொத்த வெளிச்சத்தையும் வாங்கி நிறமாலையாக விரித்து, எந்த அலைநீளத்தில் வெளிச்சம் கூட, எதில் குறைவு என்று பார்க்கிறார்கள். எல்லா நட்சத்திரங்களுக்கும் ஒரே ஆயுள் இல்லை என்பதுதான் இங்கே கைகொடுக்கிறது: சூரியனைப் போல 20 மடங்கு திணிவுள்ளது சுமார் 1 கோடி வருடத்தில் முடிந்துவிடும், சூரியனுக்கோ ஏறத்தாழ 1,000 கோடி வருடம்.

அந்தப் பெரிய, சூடான நட்சத்திரங்கள் இருக்கும் வரை சுற்றியுள்ள ஐதரசன் வாயு 656.3 நானோமீற்றரில் சிவப்பாக ஒளிரும். அந்தக் கோடு பளிச்சென்று நின்றால் அங்கே இப்போதும் நட்சத்திரங்கள் பிறக்கின்றன. அது இல்லாமல், ஐதரசன் கோடுகள் ஆழமான இருண்ட கோடுகளாக மட்டும் தெரிந்தால், பிறப்பு நின்று 100 கோடி வருடம் அளவுக்குள்தான் இருக்கும்; ஏனென்றால் அந்தக் கோடுகளை நன்றாகக் காட்டுவது 10,000 பாகை வெப்பமுள்ள நட்சத்திரங்கள், அவையும் கனகாலம் இருக்காது. முதிய கலக்சி என்றால் 400 நானோமீற்றர் பக்கம் பாருங்கள். 393.4, 396.8 இல் கல்சியத்தின் இரண்டு கோடுகள், அவற்றோடு நெருக்கியடித்துக்கொண்டு மற்ற உலோகக் கோடுகள் (வானியலில் ஐதரசன், ஹீலியம் தவிர்ந்த மூலகங்கள் எல்லாமே 'உலோகம்'தான்). வரைபு நீலப் பக்கம் போகும்போது அந்த இடத்தில் படிக்கட்டு மாதிரி இறங்கும். படி உயரமானால் பெரும்பாலும் வயதும் கூட.

'பெரும்பாலும்' என்று சும்மா எழுதவில்லை. உலோகம் கூடினாலும் அதே படி உயரும். வயதை 3 மடங்காக்கினால் வருகிற மாற்றம், உலோகத்தை 2 மடங்காக்கினாலும் கிட்டத்தட்ட வந்துவிடும். அதனால் வயதுக்கு அதிகம் அசையும் 486 நானோமீற்றர் ஐதரசன் கோட்டையும், உலோகத்துக்கு அதிகம் அசையும் மக்னீசியம், இரும்புக் கோடுகளையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

இதைவிடப் பெரிய தலையிடி, இளசுகளின் வெளிச்சம். கலியாண வீட்டில் நாலு சின்னப்பிள்ளைகள் கத்தினால் நாற்பது பெரியவர்களின் கதை காதில் விழுமா? அதுபோல, திணிவில் நூற்றில் ஒரு பங்கு புதிதாகப் பிறந்தாலே போதும், நிறமாலையின் நீலப் பக்கத்தை அது பிடித்துக்கொள்ளும். வெவ்வேறு வயதுக் கூட்டங்களின் மாதிரி நிறமாலைகளைக் கணினியில் கலந்து, அவதானித்ததோடு பொருந்தும் கலவையைத் தேடுவது இதற்காகத்தான். அப்படிக் கிடைப்பது நட்சத்திரங்கள் பிறந்த வரலாறு. ஒற்றை வயது இல்லை. ஆகவே 'வயது 800 கோடி வருடம்' என்று எங்கேயாவது வாசித்தால், ஒளியை வைத்து எடுத்த சராசரியா, திணிவை வைத்து எடுத்ததா என்று ஒருக்கா பாருங்கள், இரண்டும் நல்லாவே வேறுபடும்.

கேள்வி: யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு இதைச் செய்து பார்க்கலாமா?
– அதே மாணவி

பதில்: தாராளமாக. மழை இல்லாத மார்கழி இரவில் வடக்கு வானத்தில் அந்திரோமேடா கலக்சி வெறுங்கண்ணுக்கே மங்கலாகத் தெரியும், ஆனால் நிறமாலை எடுக்க அது போதாது. வானத்தைப் பெரிய அளவில் அளந்து பதிவுசெய்த சுலோன் வான ஆய்வின் (SDSS) கலக்சி நிறமாலைகள் இலட்சக்கணக்கில் இணையத்தில் இலவசமாகக் கிடக்கின்றன, இறக்கிப் பாருங்கள். ஒன்று மட்டும்: கலக்சி விலகிப் போவதால் கோடுகள் சிவப்புப் பக்கம் இடம் மாறியிருக்கும், இதுதான் செம்பெயர்ச்சி; அது 0.1 என்றால், அதாவது அலைநீளம் பத்தில் ஒரு பங்கு கூடியிருந்தால், அந்தப் படியை 440 இல் தேட வேண்டும்.